விழுந்தவரைத் தூக்கு, கிடைத்ததைப் பங்கிடு

சங்கத்து விழாக்களில் பெற்றோர் இருவர் சந்தித்துப் பேசத் தொடங்கினால், பிள்ளைகளின் படிப்பு, வேலை, வரன் ஆகியவற்றுக்கு அடுத்தபடியாக வந்து நிற்பது வீடியோ கேம் பற்றிய பேச்சுதான். "எந்நேரமும் அதே கதி" என்பார் ஒருவர். "வெளியே போய்க் கெட்ட சகவாசம் பிடிப்பதற்கு இது எவ்வளவோ தேவலை" என்பார் இன்னொருவர். இரண்டுமே விசாரணை நடத்தாமல் சொல்லப்பட்ட தீர்ப்புகள். சினிமா நல்லதா, கெட்டதா என்று யாராவது கேட்டால், "எந்தப் படத்தைச் சொல்கிறீர்கள்?" என்று நாம் திருப்பிக் கேட்போம். விளையாட்டுக்கும் அந்த நியாயத்தைக் கொடுத்துத்தான் ஆக வேண்டும். ஆகவே ஒரே ஒரு விளையாட்டை எடுத்துக்கொண்டு அதன் நிறை குறைகளை அலசலாம் என்று எண்ணுகிறேன். என் மகனும் அண்ணன் பிள்ளைகளும் ஆடுவதைப் பல இரவுகள் பக்கத்தில் அமர்ந்து கவனித்ததும், கன்ட்ரோலரைக் கையில் பிடித்து நானே ஓரளவு ஆடியதும்தான் எனக்குள்ள தகுதி.

அந்த விளையாட்டின் பெயர் 'பார்டர்லேண்ட்ஸ் 2'. அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்தைச் சேர்ந்த கியர்பாக்ஸ் என்ற நிறுவனம் உருவாக்கி, 2012 செப்டம்பரில் வெளிவந்தது. முதல் பாகம் 2009லும், மூன்றாம் பாகம் 2019லும், நான்காம் பாகம் 2025லும் வந்தன. இரண்டாம் பாகத்தை இன்றும் விரும்பி ஆடுவோர் உண்டு. நம் பிள்ளைகள் பலருக்கு இந்த வகை விளையாட்டு அறிமுகமானதும் இதன் வழியாகத்தான்.

என்ன விளையாட்டு இது?

பண்டோரா என்பது ஒரு கற்பனைக் கிரகம். அங்கே ஹேண்ட்சம் ஜாக் என்பவன் ஒரு பெரிய கம்பெனியின் தலைவனாக இருந்துகொண்டு கொடுங்கோல் செலுத்துகிறான். புதையல் பெட்டகம் ஒன்றைத் தேடி நான்கு வீரர்கள் அங்கே ரயிலில் வந்து சேர்கிறார்கள். ஜாக் அந்த ரயிலையே வெடிவைத்துத் தகர்த்து விடுகிறான். (ரயில்வேயில் உழைத்த எனக்கு முதல் காட்சியிலேயே வயிறு கலங்கியது என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும்.) உயிர் தப்பிய வீரர்கள் பனிக்காட்டிலிருந்து எழுந்து, அவனை எதிர்த்துப் போரிடுவதுதான் கதை. நேர்க்கதையை முடிக்கச் சுமார் முப்பது மணி நேரம் பிடிக்கும். கிளைக்கதைகளுக்குப் போனால் இன்னும் அதிகம்.

இதைத் தனியாகவும் ஆடலாம், நான்கு பேர் வரை ஒன்றுசேர்ந்தும் ஆடலாம். 2012ல் வந்த பதிப்பில், பிளேஸ்டேஷன் 3, எக்ஸ்பாக்ஸ் 360 ஆகிய கருவிகளில் ஒரே டி.வி. திரையை இரண்டாகப் பிரித்து இருவர் ஆட வசதி இருந்தது. 2015ல் அடுத்த தலைமுறைக் கருவிகளுக்கு வந்த தொகுப்பில் நால்வர் வரை ஒரே திரையில் ஆட முடிந்தது. வெவ்வேறு ஊர்களில் இருப்பவர்கள் இன்டர்நெட் மூலம் சேர்ந்துகொள்ளலாம். துப்பாக்கி சுடுவதோடு நில்லாமல் ஒவ்வொருவரும் ஒரு பாத்திரத்தை ஏற்று, அனுபவம் சேரச் சேர அதன் திறமைகளை வளர்த்துக்கொண்டே போவதால் இதை 'ரோல் பிளேயிங்' வகை என்றும் சொல்கிறார்கள். எதிரிகள் அனைவரும் கம்ப்யூட்டர் ஆட்டுவிப்பவர்கள். மனிதர்கள் எல்லோரும் ஒரே கட்சி.

நிறைகள்

முதல் நிறை, விழுந்தவரைத் தூக்கும் விதி. இந்த விளையாட்டில் அடிபட்டவர் உடனே இறப்பதில்லை. தரையில் சாய்ந்து கிடப்பார். திரை மங்கத் தொடங்கும். சில விநாடிகள்தான் அவகாசம். அந்த நேரத்துக்குள் தோழர் ஒருவர் ஓடி வந்து, பக்கத்தில் நின்று, பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தால் விழுந்தவர் எழுந்துவிடுவார். தூக்கிவிடுகிறவர் அந்தச் சில விநாடிகள் தன் துப்பாக்கியைப் பயன்படுத்த முடியாது. குண்டு மழைக்கு நடுவே தன்னைப் பணயம் வைத்துத்தான் தோழரைக் காப்பாற்ற வேண்டும். விழுந்து கிடப்பவருக்கும் ஒரு வாய்ப்பு உண்டு. கிடந்தபடியே சுட்டு ஓர் எதிரியை வீழ்த்திவிட்டால் தானாகவே எழுந்துவிடலாம். ஆனால் அடுத்தடுத்து விழுந்தால் அவகாசம் குறைந்துகொண்டே வரும்.

நம் சடுகுடுவை நினைத்துப் பாருங்கள். பாடிப் போன ஆள் எதிராளியைத் தொட்டுத் திரும்பினால், முன்பு வெளியேறி உட்கார்ந்திருந்த தம் கட்சிக்காரர் உயிர் பெற்று உள்ளே வருவார். ஒருவருடைய வெற்றி இன்னொருவருக்கு உயிர் தருகிறது. அந்தப் பழைய தத்துவம்தான் இங்கே வேறு வேடத்தில் வந்திருக்கிறது. தோழனைப் பற்றிக் கவலைப்படாமல் முன்னே ஓடுகிறவன் சற்று நேரத்தில் தானும் விழுந்து கிடப்பான். அப்போது தூக்க ஆள் இருக்காது. கூடி ஆடும்போது ஆட்களின் எண்ணிக்கைக்கு ஏற்ப எதிரிகளின் வலிமையும் ஏறுகிறபடியால், அவன் தனித்து நின்று சமாளிக்கவும் முடியாது.

இரண்டாவது நிறை, ஒவ்வொருவருக்கும் ஒரு வேலை. ஆக்ஸ்டன் என்ற சிப்பாய் தானாகச் சுடும் பீரங்கி ஒன்றை நிறுத்திவைப்பான். சால்வடார் இரண்டு கைகளிலும் இரண்டு துப்பாக்கி பிடிப்பான். ஜீரோ தன் பொய்யுருவத்தை எதிரியின் முன் நிறுத்திவிட்டுத் தான் மறைந்துகொள்வான். மாயா என்ற பெண் எதிரியை அந்தரத்தில் கட்டிப்போடுவாள். மாயாவை ஒரு குறிப்பிட்ட வழியில் வளர்த்தால், அவள் தோழரை நோக்கிச் சுடும் குண்டு அவருக்குக் காயம் ஆற்றும் மருந்தாகிவிடுகிறது! தொலைவில் விழுந்து கிடப்பவரை, ஓடிப் போகாமலே தன் சக்தியால் எழுப்பவும் அவளால் முடியும். ஒரு துப்பாக்கி விளையாட்டுக்குள் வைத்தியர் வேலைக்கும் மரியாதையான இடம் வைத்திருக்கிறார்களே, அதைப் பாராட்டாமல் இருக்க முடியவில்லை.

ஆயுதங்களிலும் இந்த வேலைப் பங்கீடு உண்டு. நெருப்பு சதைக்கு, மின்சாரம் காப்புத் திரைக்கு, அமிலம் உலோகக் கவசத்துக்கு என்று வகை பிரித்திருக்கிறார்கள். 'ஸ்லாக்' என்று ஊதா நிறத்தில் ஒரு பொருள் இருக்கிறது. அதை எதிரியின் மேல் ஒருவர் பூசிவிட்டால், மற்றவர் சுடும் குண்டுக்குப் பலம் கூடிவிடும். ஆக, ஒருவர் தயார் செய்ய இன்னொருவர் முடிக்க வேண்டும். பேசி வைத்துக்கொள்ளாமல் இதைச் செய்ய இயலாது.

மூன்றாவது நிறை, கற்பனை வளம். குழல், பிடி, தோட்டா உறை, பார்வைக் கண்ணாடி என்று உதிரிப் பாகங்களை மாற்றி மாற்றிப் பொருத்தி, கம்ப்யூட்டரே துப்பாக்கிகளை உண்டாக்குகிறது. முதல் பாகத்திலேயே ஒரு கோடியே எழுபத்தேழு லட்சத்துக்கும் மேற்பட்ட வகைகள் இருந்ததாகக் கின்னஸ் சாதனைப் பதிவு உண்டு. காட்சிகளும் நிஜம் போல இராமல், சித்திரக்கதைப் புத்தகத்தில் மை கொண்டு வரைந்தது போல இருக்கும். நகைச்சுவைக்குப் பஞ்சமில்லை. 2013ல் இதற்கு வந்த ஒரு கூடுதல் அத்தியாயத்தில், டினா என்ற சிறுமி தனக்குப் பிரியமான ஒருவரின் சாவை ஏற்க மனமில்லாமல், அவர் உயிரோடு இருப்பதாகவே ஒரு கதை கட்டி அதை விளையாட்டாக நடத்துகிறாள். துக்கத்தை இவ்வளவு நாசூக்காகச் சொல்லும் இடம் இந்தச் சுடுகிற கூட்டத்துக்கு நடுவே இருக்கும் என்று யாரும் எதிர்பார்க்க மாட்டார்கள்.

நான்காவது நிறை விளையாட்டுக்கு உள்ளே இல்லை, நம் வீடுகளில் இருக்கிறது. நம் குடும்பங்களின் நிலை உங்களுக்குத் தெரியாததல்ல. ஒரு பிள்ளை புனேயில், ஒரு பிள்ளை ஹைதராபாத்தில், இன்னொரு பிள்ளை குர்கானில். பெரியப்பா சித்தப்பா பிள்ளைகள் என்ற உறவே கல்யாண மண்டபத்தில் மட்டும் உயிர் பெறும் உறவாகிவிட்டது. அலுவலகத்தில் ஆங்கிலம், கடை கண்ணியில் இந்தி. தமிழில் வாய் திறக்க வாரத்தில் எத்தனை நிமிடம் கிடைக்கும்? இந்த விளையாட்டு நடக்கும் நேரத்தில் காதில் மாட்டிய ஹெட்போன் வழியாக, "அண்ணா, நான் விழுந்துட்டேன், சீக்கிரம் வாடா!" என்றும், "இருடி, வந்துட்டே இருக்கேன்" என்றும் குரல்கள் பறக்கின்றன. அவசரத்தில் வருவது தாய்மொழிதான். ஆட்டத்துக்கு நடுவே பாட்டியின் கண் ஆபரேஷன் எப்படி ஆயிற்று, அப்பா மாத்திரை ஒழுங்காகச் சாப்பிடுகிறாரா என்றும் விசாரித்துக்கொள்கிறார்கள். "எப்படி இருக்கே?", "நல்லா இருக்கேன்" என்று இரண்டு வார்த்தையில் முடியும் டெலிபோன் பேச்சை விட இது நீண்டது, இயல்பானது.

குறைகள்

இவ்வளவு சொன்ன பிறகு குறைகளைச் சொல்லாவிட்டால் நியாயம் ஆகாது. முதல் குறைதான் பெரிய குறை. அது பங்கீடு.

ஆபத்தில் இவ்வளவு அழகாகச் சேர்த்துவைக்கும் விளையாட்டு, ஆபத்து நீங்கியதும் கையை விரித்துவிடுகிறது. எதிரி வீழ்ந்ததும் அவனிடமிருந்து பொருள்கள் சிதறும். இதற்கு ஆங்கிலத்தில் 'லூட்' என்று பெயர். இந்தியில் நாம் தினமும் கேட்கும் 'லூட்' என்ற சொல்லேதான் ஆங்கிலத்துக்குப் போய், இப்போது விளையாட்டுக்குள் நுழைந்து நம் பிள்ளைகளிடம் திரும்பி வந்திருக்கிறது. இதில் பணத்தை யார் எடுத்தாலும் எல்லோர் கணக்கிலும் சேர்ந்துவிடும். அது நல்ல ஏற்பாடு. துப்பாக்கிகளுக்கோ அப்படி இல்லை. முதலில் ஓடிப் போய் எடுத்தவருக்கே சொந்தம்.

ஓர் உதாரணம் சொல்கிறேன். அண்ணன் நாக்பூரில், தங்கை அகமதாபாத்தில் என்று வைத்துக்கொள்வோம். மூன்று சனிக்கிழமை இரவுகள் ஒரே அரக்கனோடு போராடுகிறார்கள். தங்கை நான்கு முறை அண்ணனைத் தூக்கிவிடுகிறாள். கடைசியில் அரக்கன் சாய்கிறான். ஆரஞ்சு நிற ஒளியோடு ஒரு துப்பாக்கி விழுகிறது. வெள்ளை, பச்சை, நீலம், ஊதா, ஆரஞ்சு என்ற வரிசையில் ஆரஞ்சுதான் அபூர்வம். அது தங்கையின் பாத்திரத்துக்கு மிகவும் பொருந்தும் ஆயுதம். அருகில் நின்ற அண்ணன் எடுத்துக்கொள்கிறான். அவன் விதியை மீறவில்லை. தங்கையும் ஒன்றும் சொல்வதில்லை. ஆனால் அடுத்த சனிக்கிழமை அவளுக்கு ஆபீஸ் வேலை வந்துவிடுகிறது. அதற்கு அடுத்த சனிக்கிழமை தலைவலி. இதில் போனது ஒரு கற்பனைத் துப்பாக்கி மட்டும்தானா? பாட்டியைப் பற்றி விசாரித்துக்கொள்ளும் அந்த ஒரு மணி நேரமும் கூடவே போய்விட்டதல்லவா?

பொருளை மாற்றிக்கொள்ள வசதி இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. அதே வசதியில், மனமொத்துப் போகாவிட்டால் இருவரும் சண்டையிட்டுத் தீர்த்துக்கொள்ளவும் வழி வைத்திருக்கிறார்கள்! பாகப்பிரிவினைக்குக் கத்திச் சண்டையைச் சிபாரிசு செய்யும் பஞ்சாயத்தை இங்கேதான் காண்கிறேன்.

இரண்டாவது குறை, ஏற்றத்தாழ்வு. அண்ணன் வார நாட்களில் தனியாக ஆடி முப்பதாவது லெவலுக்குப் போய்விட்டான், தங்கை இருபதிலேயே நிற்கிறாள் என்றால் இருவரும் சேர்ந்து ஆடுவதில் பொருளே இல்லை. அண்ணனுடைய எதிரிகள் மேல் அவள் குண்டு கொசுக்கடி போல. அவர்கள் கை பட்டாலோ அவள் தரையில். அவளுடைய இடத்துக்கு அவன் இறங்கி வந்தால் அவன் நடந்து போனாலே எதிரிகள் சாய்ந்துவிடுவார்கள். அவளுக்கு வேலையில்லை. ஆக, நேரம் அதிகம் உள்ளவரும் குறைவாக உள்ளவரும் நீண்ட நாள் சேர்ந்து ஆட முடிவதில்லை. குழந்தையைத் தூங்கவைத்துவிட்டு வரும் நம் பெண்கள்தான் இதில் முதலில் பின்தங்குவார்கள் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

மூன்றாவது குறை, ஆசையைத் தூண்டும் முறை. ஆரஞ்சு துப்பாக்கி கிடைப்பது தாயக் கட்டையில் தாயம் விழுவது போல, அதிர்ஷ்டம். தாயத்தில் கட்டையை நாம் பார்க்கிறோம், உருட்டுகிறோம். இங்கே கட்டை கண்ணுக்குத் தெரியாது. ஆகவே 'இன்னும் ஒரே ஒரு தடவை' என்று அதே அரக்கனை நூறு தடவை கொல்ல உட்கார்ந்துவிடுகிறார்கள். விளையாட்டில் உள்ள மது விடுதியில் சூதாட்ட இயந்திரங்கள்கூட வரிசையாக நிற்கின்றன. அதில் போடுவது விளையாட்டுக்குள் சம்பாதித்த பணம்தான். நம் பையிலிருந்து எடுப்பதில்லை. அது வரையில் நல்லது. ஆனால் நேரமும் பணம்தானே! கதையை முடித்தபின் இன்னும் கடினமாக இரண்டாம் சுற்று, மூன்றாம் சுற்று என்று உண்டு. மூன்றாம் சுற்றில் எதிரிகளின் உயிர்பலம் அளவு மீறிப் போய்விடுவதால், ஸ்லாக் பூசாமல் சுடுவதே வீண் என்ற நிலை வந்துவிடுகிறது. கோடிக்கணக்கில் துப்பாக்கி கொடுத்துவிட்டு, கடைசியில் ஒரே வழியில்தான் போகலாம் என்றால் அந்தக் கோடி எதற்கு?

நான்காவது குறை, பேச்சுக்கும் கதைக்கும் உள்ள தகராறு. பாத்திரங்கள் ஓயாமல் ஆங்கிலத்தில் பேசிக்கொண்டிருக்கும். நால்வர் கூடி அரட்டையடிக்கும்போது அது யார் காதிலும் விழாது. டினாவின் கதை போன்ற நல்ல பகுதிகள் கூடி ஆடுவோருக்கு வீணாகிவிடுகின்றன. 'ரோல் பிளேயிங்' என்று பெயர் வைத்தாலும் கதையின் போக்கை நம் முடிவு மாற்றுவதில்லை. எதற்கும் விடை துப்பாக்கிதான். ரத்தம், கொச்சைப் பேச்சு இரண்டும் தாராளம். அமெரிக்காவில் 17 வயது, ஐரோப்பாவில் 18 வயது நிரம்பியவர்களுக்கு உரியது என்றே இதை வகைப்படுத்தியிருக்கிறார்கள். படம் சித்திரக்கதை போல இருக்கிறதே என்று பத்து வயதுப் பிள்ளைக்கு வாங்கிக் கொடுப்பவர்கள் இதை மனத்தில் கொள்ள வேண்டும்.

விதியா, மனமா?

"பங்கீடு மனத்தைப் பொறுத்தது. பிள்ளைகளை ஒழுங்காக வளர்த்திருந்தால் விட்டுக்கொடுத்துப் போவார்கள். விளையாட்டைக் குறை சொல்வானேன்?" என்று சிலர் கேட்கலாம். இந்த வாதத்தை நான் ஒப்புக்கொள்வதில்லை. காரணம் நான் பார்த்த தொழில்.

ஒற்றை வழிப் பாதையில் இரண்டு ரயில்கள் எதிரெதிரே வந்துவிடாமல் தடுக்கப் பந்து டோக்கன் என்ற முறை இருந்தது. பக்கத்துப் பக்கத்து ஸ்டேஷன்களில் மின்கம்பியால் இணைத்த இரண்டு கருவிகள். அந்தப் பக்கத்து ஸ்டேஷன் மாஸ்டர் ஒத்துழைத்தால்தான் இந்தப் பக்கத்தில் டோக்கன் வெளியே வரும். ஒன்று வெளியே வந்துவிட்டால், அது திரும்பக் கருவிக்குள் போகும் வரை இரண்டு பக்கத்திலும் இன்னொன்றை எடுக்க முடியாது. இரு ஸ்டேஷன் மாஸ்டர்களும் நல்லவர்களா, நண்பர்களா, முந்திய நாள் சண்டை போட்டவர்களா என்று அந்தக் கருவி கேட்பதில்லை. ஒத்துழைக்காமல் வண்டி நகராது, அவ்வளவுதான். நல்ல ஏற்பாடு என்பது மனிதனின் நல்ல மனத்தை எந்நேரமும் பரீட்சை செய்துகொண்டிருக்காது.

பார்டர்லேண்ட்ஸ் 2ல் விழுந்தவரைத் தூக்கும் விதி, டோக்கன் முறையைச் சேர்ந்தது. பங்கீட்டு விதியோ சிக்னலே இல்லாத பாதை. ஒரே விளையாட்டுக்குள் இரண்டும் இருக்கின்றன. இது என் தனிப்பட்ட குறையல்ல என்பதற்கு அத்தாட்சி, அதை உருவாக்கியவர்களே 2019ல் மூன்றாம் பாகத்தில் இரண்டு குறைகளையும் திருத்தியதுதான். அதில் ஒவ்வொருவர் திரையிலும் அவரவர்க்கு உரிய பொருள் தனியாக விழும்படி வைத்துக்கொள்ளலாம். லெவலில் பின்தங்கியவரும் முன்னே போனவரும் ஒரே களத்தில் தத்தம் அளவுக்கு ஏற்ற எதிரியோடு மோதலாம். பழைய 'எடுத்தவருக்கே சொந்தம்' முறை வேண்டுவோர்க்கு அதையும் தனியாக வைத்திருக்கிறார்கள்.

ஆக, என் முடிவு இது. கூட்டு விளையாட்டு ஒன்றை எடைபோட இரண்டு கேள்விகள் போதும். விழுந்தவனை என்ன செய்கிறது? கிடைத்ததை எப்படிப் பங்கிடுகிறது? முதல் கேள்விக்குப் பார்டர்லேண்ட்ஸ் 2 நூற்றுக்குத் தொண்ணூறு வாங்கும். இரண்டாவதில் பாஸ் மார்க் கிடையாது.

இதை ஆடும் நம் வீட்டு இளைஞர்களுக்குச் சில யோசனைகள். இரண்டாம் பாகத்தை ஆடுவதானால் தொடங்கும் முன்பே பங்கீட்டைப் பேசி வைத்துக்கொள்ளுங்கள். யாருடைய பாத்திரத்துக்குப் பொருந்துகிறதோ அவருக்கு, இருவருக்கும் பொருந்தினால் முறை வைத்து. கூடி ஆடும் பாத்திரத்தைத் தனியாக எடுத்துக்கொண்டு ஓடாதீர்கள். தனியே ஆட ஆசை வந்தால் வேறொரு பாத்திரத்தைத் தொடங்குங்கள். எழுந்திருக்கும் நேரத்தை உட்காரும்போதே சொல்லிவிடுங்கள். மூன்றாம் பாகத்தை ஆடுவோர் தனித்தனிப் பங்கு முறையையே தேர்ந்தெடுத்தல் நலம்.

பெற்றோருக்கும் ஒன்று சொல்வேன். "என்ன எப்போதும் டமால் டுமீல்?" என்று கேட்பதை விட்டு, "இன்றைக்கு யார் யாரைத் தூக்கிவிட்டீர்கள்? கிடைத்ததை யார் எடுத்துக்கொண்டது?" என்று கேட்டுப் பாருங்கள். முதல் கேள்விக்குப் பதில் உற்சாகமாக வரும். இரண்டாவது கேள்விக்குப் பதில் சற்று இழுத்தால், அங்கே ஒரு பெரியவரின் வார்த்தை தேவைப்படுகிறது என்று அர்த்தம்.